அசாதாரண உளவியல்: அடிமையாதல், பாலியல் கோளாறுகள், உளப்பிளவு நோய்



உளநலம் பற்றி வகுப்பில் பயிற்சி வினா கொடுக்கும்போது விடைத்தாள்களில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "உளப்பிளவு நோய் என்பது ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாகும்" என்று எழுதுவது முதலாவது. "அடிமையாதல் என்பது மனவுறுதி இல்லாதவர்களின் கெட்ட பழக்கமாகும்" என்பது இரண்டாவது. பாலியல் கோளாறுகள் பற்றிய பகுதியை வெட்கத்தால் வெறுமையாக விட்டுவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் புள்ளி கிடைக்காது.

ஆனால் இழப்பது புள்ளி மட்டுமல்ல. இதே மூன்று எண்ணங்களும் வீட்டில், ஊரில், பாடசாலையில் இருக்கின்றன. வைத்தியசாலைக்குப் போக வேண்டிய ஒருவரை மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் வீட்டுக்குள் மறைத்து வைப்பதற்கு இவையே காரணமாகின்றன. எனவே இந்த அலகை மனனம் செய்வதற்காக மட்டும் படிக்காமல் விளங்கிப் படியுங்கள்.

1. அசாதாரண நடத்தை என்றால் என்ன?

வரைவிலக்கணம்: மனிதனின் சிந்தனை, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் ஏற்படும் பிறழ்வுகளையும், அவற்றின் காரணங்களையும், சிகிச்சை முறைகளையும் ஆராயும் உளவியலின் கிளை அசாதாரண உளவியல் எனப்படும்.

ஒரு நடத்தையை "அசாதாரணம்" என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? பொதுவாக நான்கு அளவுகோல்கள் கூறப்படும். அவற்றில் எந்த ஒன்றும் தனியே போதாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

(1) அரிதாக இருத்தல்: பெரும்பாலானோரிடம் காணப்படாத நடத்தை. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெறுவதும் அரிதுதான். அது நோயல்ல.

(2) சமூக நியமங்களிலிருந்து விலகுதல்: சமூகம் எதிர்பார்க்கும் ஒழுங்கை மீறும் நடத்தை. ஆனால் நியமம் இடத்துக்கு இடம் மாறும. முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடி எடுப்பது நமது கோயில் திருவிழாவில் நேர்த்திக்கடன். அதையே நமது பண்பாட்டை அறியாத ஒருவர் பார்த்தால் தன்னைத் தானே காயப்படுத்தும் நோய் என்று நினைத்துவிடலாம்.

(3) துன்பம்: அந்த நிலை அவருக்கோ அவரைச் சார்ந்தவர்களுக்கோ வேதனை தருதல். ஆனால் எல்லாத் துன்பமும் நோயல்ல. யுத்தத்திலோ 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலோ பிள்ளையை இழந்த தாய், படத்தின் முன் நின்று பிள்ளையோடு பேசுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இழவிரக்கம். அது இயல்பான துயரம்.

(4) செயற்பாடு பாதிக்கப்படுதல்: படிப்பு, தொழில், உறவு, உணவு, உறக்கம், சுத்தம் ஆகிய நாளாந்தக் கருமங்களைச் செய்ய முடியாமற் போதல். நடைமுறையில் வைத்தியர்கள் அதிக கவனம் செலுத்துவது மூன்றாவதையும் நான்காவதையும்தான்.

விடை எழுதும்போது: "நடத்தையின் அளவு, அது நீடிக்கும் காலம், அதனால் ஏற்படும் பாதிப்பு, அது நிகழும் பண்பாட்டுச் சூழல் ஆகியவற்றை ஒன்றுசேர்த்தே ஒரு நடத்தை அசாதாரணமானதா எனத் தீர்மானிக்கப்படும்" என்ற வசனத்துடன் முடியுங்கள்.

நோய்களை இனங்காண்பதற்கு இன்று உலகில் இரண்டு வகைப்படுத்தல் நூல்கள் பயன்படுகின்றன. ஒன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச நோய் வகைப்படுத்தல். அதன் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்றையது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல். அதன் முதற் பதிப்பு 1952 இலும், ஐந்தாம் பதிப்பு 2013 இலும் வெளிவந்தன.

2. உளநோய்களின் காரணங்கள்

பழங்காலத்தில் உளநோய்க்குக் காரணம் பேய், பிசாசு, தெய்வக் குற்றம் எனப் பல நாடுகளிலும் நம்பப்பட்டது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் அதனை உடல் சார்ந்த நோயாகப் பார்த்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸில் பிலிப் பினல் நோயாளரைச் சங்கிலியில் கட்டி வைக்காமல் மனிதாபிமானத்துடன் நடத்த வேண்டும் என வலியுறுத்தினார்.

1977 இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் ஏங்கல் முன்வைத்த உயிரியல் – உளவியல் – சமூக மாதிரி இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதாவது:

• உயிரியற் காரணிகள்: பரம்பரை அலகுகள், மூளையின் நரம்புக் கடத்திகளில் ஏற்படும் மாற்றம், மூளைக் காயம், போதைப்பொருள்.
• உளவியற் காரணிகள்: சிறுபராய அனுபவங்கள், இழப்பு, பயம், தவறாகக் கற்றுக்கொண்ட நடத்தைகள்.
• சமூகக் காரணிகள்: வறுமை, யுத்தம், இடப்பெயர்வு, குடும்ப வன்முறை, தனிமை.

ஒரு நோய்க்கு இம்மூன்றும் வெவ்வேறு அளவில் பங்களிக்கும். "காரணம் ஒன்றே" என்று எழுதும் விடை எப்போதும் குறைபாடானது. இம்மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு இனி வரும் மூன்று நோய்த் தொகுதிகளையும் படியுங்கள்.

3. அடிமையாதல்

வரைவிலக்கணம்: தீங்கு ஏற்படும் எனத் தெரிந்தும், ஒரு பொருளின் பாவனையையோ ஒரு செயலையோ கட்டுப்படுத்த முடியாமல் தொடரும் நிலை அடிமையாதல் எனப்படும்.

இதில் "தெரிந்தும்", "கட்டுப்படுத்த முடியாமல்" என்னும் இரண்டு சொற்களும் முக்கியமானவை. அவை இல்லாவிட்டால் வரைவிலக்கணம் முழுமையாகாது.

பிரதான இயல்புகள்:

• வேட்கை: அப்பொருள் வேண்டும் என்ற அடக்கமுடியாத உந்துதல்.
• கட்டுப்பாடிழத்தல்: "இன்றைக்கு ஒன்று மட்டும்" என்று தொடங்கி நிறுத்த முடியாமற் போதல்.
• தாங்குதிறன் அதிகரித்தல்: முன்பு ஒரு கிளாஸ் தந்த விளைவைப் பெற இப்போது மூன்று கிளாஸ் தேவைப்படுதல்.
• விலகல் அறிகுறிகள்: நிறுத்தியதும் நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, எரிச்சல் முதலியன ஏற்படல்.
• முன்னுரிமை மாறுதல்: குடும்பம், படிப்பு, தொழில் எல்லாம் பின்தள்ளப்படுதல்.

2013 ஆம் ஆண்டுக் கைந்நூலில் இவை உட்பட 11 அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. 12 மாத காலத்துள் 2 – 3 இருப்பின் இலேசானது, 4 – 5 இருப்பின் நடுத்தரமானது, 6 அல்லது அதற்கு மேல் இருப்பின் தீவிரமானது எனக் கொள்ளப்படும்.

மூளையில் நடப்பது என்ன?

நாம் பசிக்கு உண்ணும்போதும், பாராட்டுப் பெறும்போதும் மூளையில் டோபமைன் என்னும் நரம்புக் கடத்தி சுரந்து "இதைத் திரும்பச் செய்" என்று கற்பிக்கிறது. 1954 இல் ஓல்ட்ஸ், மில்னர் ஆகிய இருவரும் எலியின் மூளையின் குறித்த பகுதியில் மின்வாயைப் பொருத்தினர். நெம்பை அழுத்தினால் அப்பகுதி தூண்டப்படும். எலிகள் அந்த நெம்பை ஓயாமல் அழுத்தின. மூளையில் வெகுமதிப் பாதை ஒன்று உள்ளது என்பது இதனால் தெரியவந்தது. ஹெரோயின், ஐஸ், மதுபானம், நிக்கொட்டின் ஆகியன இந்தப் பாதையை உணவைவிட மிகப் பலமாகத் தூண்டுகின்றன. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. அதன்பின் அவர் இன்பத்துக்காகப் பாவிப்பதைவிட, இல்லாமையின் வேதனையைத் தவிர்க்கவே பாவிக்கிறார். "மனவுறுதி இல்லாதவர்" என்று மட்டும் எழுதுவது பிழையாவது இதனால்தான்.

சூழலின் பங்கு

உயிரியல் மட்டும் காரணமென்றும் எழுதிவிடாதீர்கள். 1970களில் லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை ஆராய்ந்தார். அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தோரில், நாடு திரும்பி ஏறக்குறைய ஒரு வருடத்துள் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 சதவீதம் மட்டுமே. பொருளும் பயமும் நிறைந்த சூழல் மாறியதும் பெரும்பாலானோர் மீண்டனர். நண்பர்கள், கிடைக்கும் வசதி, வேலையின்மை, மனவேதனை ஆகியன எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று.

பொருள் இல்லாமலும் அடிமையாகலாம். சூதாட்டக் கோளாறு 2013 கைந்நூலில் அடிமையாதல் தொகுதியில் சேர்க்கப்பட்டது. இலத்திரனியல் விளையாட்டுக் கோளாறு 11ஆவது சர்வதேச வகைப்படுத்தலில் இடம்பெற்றுள்ளது. ஆனால் விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் போனில் விளையாடும் தம்பியை நோயாளி என்று எழுதக் கூடாது. முதற் பகுதியில் படித்த அளவுகோல்களை இங்கும் பிரயோகிக்க வேண்டும்.

சிகிச்சை: (1) நச்சகற்றல், (2) மருந்துகள், (3) உளவளத்துணை, (4) சுயஉதவிக் குழுக்கள், (5) புனர்வாழ்வும் தொடர் கண்காணிப்பும். சுயஉதவிக் குழுவுக்கு உதாரணம் 1935 இல் அமெரிக்காவில் தொடங்கிய மதுவுக்கு அடிமையானோர் அநாமதேயக் குழு.

முக்கிய குறிப்பு: நீண்டகாலமாக நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, கடும் மனக்குழப்பம் ஏற்பட்டு உயிராபத்தும் வரலாம். ஆகவே வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தக் கூடாது. வைத்திய மேற்பார்வை வேண்டும்.

சட்டம்: 2006 ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலை, மதுசார உற்பத்திகளை விற்பது குற்றமாகும்.

4. பாலியல் கோளாறுகள்

இப்பகுதியை வெட்கப்படாமல் படியுங்கள். இருதயம், சிறுநீரகம் போல இதுவும் உடல்நலத்தின் ஒரு பகுதியே. அறியாமையால் இங்கு ஏற்படும் தீங்கு அதிகம். மூன்று தலைப்புகளில் நினைவில் வைத்திருங்கள்.

(அ) பாலியற் செயற்பாட்டுக் கோளாறுகள்

வளர்ந்தவர்களிடம் பாலியல் நாட்டம் குறைதல், உடல் ஒத்துழையாமை, வலி போன்றவை நீடித்து மனவேதனை தரும் நிலை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சில மருந்துகள், மதுபானம் என்பன உடல்சார் காரணங்கள். பதகளிப்பு, மனச்சோர்வு, தம்பதியரிடையே பிணக்கு என்பன உளம்சார் காரணங்கள். இவற்றிற் பெரும்பாலானவை சிகிச்சைக்கு உட்பட்டவை.

இங்கே நமது நாட்டுடன் தொடர்புடைய ஒரு விடயம் உண்டு. விந்து வெளியேறுவதால் உடற்பலம் அழியும் என்ற நம்பிக்கை தெற்காசியாவில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தப் பயத்தாலேயே களைப்பு, நித்திரையின்மை, மனச்சோர்வு ஏற்படும் நிலையை இந்திய உளமருத்துவர் என். என். விக் 1960 இல் தாது நோய்க்குறித்தொகுதி எனப் பெயரிட்டு விபரித்தார். இலங்கையில் காணப்படும் இந்நிலை பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 1989 இல் வெளியானது. பருவமடைந்த ஆண்பிள்ளைகளுக்கு உறக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பான உடற்தொழிற்பாடு. அதனால் பலம் குறைவதில்லை, நரம்பு தளர்வதில்லை. நோயை உண்டாக்குவது அந்தப் பயமே. சுவரொட்டி விளம்பரங்களைப் பார்த்து இரகசியமாகப் பணம் செலவழிக்காமல் வைத்தியரிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ கேளுங்கள்.

(ஆ) பாலியல் விருப்பப் பிறழ்வுக் கோளாறுகள்

சம்மதம் தராத அல்லது சம்மதம் தர முடியாத ஒருவர்மீது நீடித்த, வலுவான பாலியல் நாட்டம் கொண்டு அதன்படி நடத்தல் அல்லது அதனால் கடும் வேதனைப்படுதல். உதாரணங்கள்: பிறர் முன் அந்தரங்க உறுப்பைக் காட்டுதல், பிறரின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்த்தல், நெரிசலில் பிறர்மீது உரசுதல், சிறுவர்மீது பாலியல் நாட்டம் கொள்ளல்.

இங்கு "சம்மதம்" என்பதே திறவுச்சொல். அச்சொல் இல்லாத விடைக்கு முழுப்புள்ளி எதிர்பார்க்க முடியாது.

நோயும் குற்றமும்: பேருந்தில் தொந்தரவு செய்யும் ஒவ்வொருவரும் நோயாளி அல்லர். நோய் உள்ளவரானாலும் செய்த குற்றம் குற்றமே. பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. சிறுவர் துஷ்பிரயோகத்தில் பிள்ளைமீது எந்தத் தவறும் இல்லை. செய்தவர் உறவினராக, அயலவராக, கற்பிப்பவராக இருந்தாலும் மறைக்க வேண்டியதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929.

(இ) கோளாறு அல்லாதவை

பழைய குறிப்புகளில் தன்னினச் சேர்க்கை நாட்டம் உளநோயாக எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதாதீர்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 இலும், உலக சுகாதார ஸ்தாபனம் 1990 இலும் அதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலும் தான் உணரும் பாலும் ஒத்துப்போகாத நிலையும் 11ஆவது வகைப்படுத்தலில் உளநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் ஆரோக்கிய அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. "சமூகம் ஏற்காதது" என்பது வேறு, "நோய்" என்பது வேறு. முதற் பகுதியின் இரண்டாம் அளவுகோல் தனியே போதாது என்பதற்கு இதுவே சிறந்த உதாரணம்.

5. உளப்பிளவு நோய்

ஸ்கிசோபிரீனியா எனப்படும் இந்நோய் உளமாய நோய்களுள் முக்கியமானது. உளமாய நோய் என்பது எது நிஜம், எது நிஜமல்ல எனப் பிரித்தறியும் ஆற்றல் குன்றும் நிலையாகும்.

பெயர் வந்த கதை: ஜேர்மனிய உளமருத்துவர் எமில் கிரப்பலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை இளமையில் தொடங்கும் மனத்தேய்வு என்ற கருத்தில் விபரித்தார். 1908 இல் சுவிற்சர்லாந்தின் ஒயிகன் புளொயிலர், பிளத்தல், மனம் எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இன்றைய பெயரைச் சூட்டினார். இங்கே பிளவு என்பது ஒரே ஆளின் சிந்தனை, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றுக்கிடையேயான இணைப்பு குலைதலைக் குறிக்கும். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதை அல்ல. இரண்டு அல்லது கூடிய ஆளுமைகள் தோன்றுவது பிரிநிலை அடையாளக் கோளாறு. அது வேறொரு நோய். சினிமாவில் இரண்டையும் கலந்துவிடுவார்கள். நீங்கள் கலக்காதீர்கள்.

அறிகுறிகள்

கணிதத்தில் நேர், மறை என்று படித்தீர்கள் அல்லவா? அதே சொற்களே இங்கும் பயன்படுகின்றன. நேர் என்றால் நல்லது என்பதல்ல. இயல்பாக இல்லாத ஒன்று கூடுதல். மறை என்றால் இயல்பாக இருந்த ஒன்று குறைதல்.

நேர் அறிகுறிகள்:
• மாயப்புலனுணர்வு: தூண்டல் எதுவும் இல்லாமல் புலனுணர்வு தோன்றல். யாரும் பேசாதபோது குரல் கேட்டல் மிகப் பொதுவானது.
• பிறழ்நம்பிக்கை: சான்று காட்டினாலும் மாறாத பிழையான நம்பிக்கை. உதாரணம்: "அயலவர் என் சாப்பாட்டில் நஞ்சு கலக்கிறார்கள்", "வானொலியில் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்".
• சிந்தனைக் குழப்பம்: பேச்சில் ஒரு வசனத்துக்கும் மற்ற வசனத்துக்கும் தொடர்பில்லாமை.

மறை அறிகுறிகள்: பேச்சுக் குறைதல், முகத்தில் உணர்ச்சி தெரியாமை, குளிப்பு முழுக்கில் அக்கறையின்மை, ஒதுங்கியிருத்தல், எதிலும் ஆர்வமின்மை.

மறை அறிகுறிகளைக் குடும்பத்தார் "சோம்பல்" என்று ஏசுவது வழமை. நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவதால் "பரீட்சைப் பயம்", "காதல் தோல்வி" என்றும் நினைத்துவிடுவார்கள்.

சர்வதேச வகைப்படுத்தலின்படி அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். அமெரிக்கக் கைந்நூலின்படி மொத்தப் பாதிப்பு ஆறு மாதங்களாவது தொடர வேண்டும். உலகில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் காணப்படுகிறது.

காரணங்கள்

பரம்பரை முக்கியமானது. ஆனால் அதுவே முழுக் காரணமல்ல. ஒத்த இரட்டையர் இருவருக்கும் பரம்பரை அலகுகள் ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு அரைவாசி அல்லது அதனிலும் குறைவாகவே காணப்பட்டுள்ளது. மிகுதி சூழலின் பங்கு.

கஞ்சாவும் ஒரு காரணி. சுவீடனில் 45,000 இற்கு மேற்பட்ட இளைஞர்களை இராணுவச் சேர்ப்பின்போது விசாரித்து 15 வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 1987 இல் வெளியானது. கஞ்சாவை 50 தடவைகளுக்கு மேல் பாவித்திருந்தோருக்கு, பாவிக்காதோரைவிட இந்நோய் ஏற்பட்ட அளவு ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. பாவித்த எல்லோருக்கும் நோய் வரவில்லை. ஆனால் யாருக்கு வரும் என முற்கூட்டியே சொல்ல முடியாது.

சிகிச்சை

1952 இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து உளமாய நோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் நோயாளரை வாழ்நாள் முழுவதும் விடுதியில் அடைத்துவைக்கும் தேவை பெருமளவு குறைந்தது. இன்று பல்வேறு மருந்துகள் உண்டு. தினமும் குளிசை எடுக்க மறப்போருக்குச் சில வாரங்களுக்கொருமுறை போடும் ஊசியும் உண்டு. குணமடைந்ததுபோலத் தெரிந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முக்கிய காரணம். மருந்துடன் உளவளத்துணை, குடும்பத்தாருக்கு விளக்கமளித்தல், தொழிற்பயிற்சி ஆகியனவும் தேவை.

குடும்பத்தின் பங்கு: இலங்கையில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட உளப்பிளவு நோயாளரை ஐந்து வருடங்களின் பின் ஆராய்ந்த நான்ஸி வாக்ஸ்லர் என்பவர் 1979 இல் தமது முடிவுகளை வெளியிட்டார். கைத்தொழில் நாடுகளின் நோயாளரைவிட இங்குள்ளோரின் நிலை நன்றாக இருந்தது. நோய் வந்தவரை நிரந்தர நோயாளி என ஒதுக்காமல் குடும்பம் திரும்ப ஏற்றுக்கொண்டமை ஒரு காரணம் என அவர் கருதினார். இவ்விளக்கம் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்தன. ஆயினும் ஒதுக்காத குடும்பம் நோயாளருக்குப் பெரும் பலம் என்பதில் ஐயமில்லை.

6. ஒரு சம்பவம்

என்னிடம் படித்த மாணவி ஒருவர் இந்தப் பாடம் முடிந்த பின் தனியே வந்து கேட்டார். "சேர், அண்ணா அறைக்குள்ளேயே இருக்கிறார். தனியே சிரிக்கிறார். யாரோ கூப்பிடுகினம் என்று சொல்லுறார். அம்மா நூல் கட்டினவ, சாத்திரமும் பார்த்தவ. இது நீங்கள் சொன்ன வருத்தமா?"

வருத்தத்தின் பெயரைச் சொல்ல நான் வைத்தியரல்ல. ஆனால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன். தாயாருடனும் பேசினேன். "விசர் என்று ஊருக்குள் தெரிந்தால் இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கலியாணம் வேண்டாமா?" என்று அவர் அழுதார். இரண்டு வருடங்கள் அப்படியே கடந்திருந்தன. சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் அண்ணா வீட்டு வேலைகளில் உதவத் தொடங்கினார். முழுமையாக முன்போல் ஆகவில்லை. வேளைக்கு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம்.

அந்தத் தாய் மகனில் அன்பில்லாதவர் அல்லர். அவரிடம் இல்லாதிருந்தது சரியான சொல். "விசர்" என்ற சொல் வெட்கத்தைத் தருகிறது. "நோய்" என்ற சொல் வைத்தியசாலைக்கு வழி காட்டுகிறது. கோயிலுக்குப் போவது ஆறுதல் தரும், போகட்டும். ஆனால் அது சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. நோயாளரைப் பற்றி எழுதும்போதும் "பைத்தியக்காரன்", "குடிகாரன்" என எழுதாமல் "உளப்பிளவு நோயுள்ளவர்", "மதுவுக்கு அடிமையானவர்" என எழுதிப் பழகுங்கள்.

உதவி பெறக்கூடிய இடங்கள்: அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகள் (சிகிச்சை இலவசம்), பாடசாலை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசிச் சேவை.

7. அடிக்கடி மயங்கும் சோடிகள்

• மாயப்புலனுணர்வு புலனோடு தொடர்புடையது (கேட்டல், காணல்). பிறழ்நம்பிக்கை சிந்தனையோடு தொடர்புடையது.
• உளப்பிளவு நோயில் நிஜத்தோடுள்ள தொடர்பு குலைகிறது. பிரிநிலை அடையாளக் கோளாறில் ஆளுமைகள் பலவாகின்றன.
• தாங்குதிறன் என்பது அளவு கூடுதல். விலகல் அறிகுறி என்பது நிறுத்தியதும் தோன்றுவது.
• செயற்பாட்டுக் கோளாறு தன்னைத் துன்புறுத்தும். விருப்பப் பிறழ்வுக் கோளாறு பெரும்பாலும் பிறரைப் பாதிக்கும்.

8. மாதிரி வினாக்கள்

பல்தேர்வு வினாக்கள்

(1) முன்பு கிடைத்த விளைவைப் பெற மேலும் கூடிய அளவு தேவைப்படுதல்
1. வேட்கை 2. தாங்குதிறன் அதிகரித்தல் 3. விலகல் அறிகுறி 4. நச்சகற்றல்

(2) உளப்பிளவு நோயின் மறை அறிகுறி
1. குரல் கேட்டல் 2. பிறழ்நம்பிக்கை 3. முகத்தில் உணர்ச்சி தெரியாமை 4. தொடர்பற்ற பேச்சு

(3) உயிரியல் – உளவியல் – சமூக மாதிரியை முன்வைத்தவர்
1. பினல் 2. புளொயிலர் 3. கிரப்பலின் 4. ஏங்கல்

விடைகள்: (1) 2, (2) 3, (3) 4

கட்டுரை வினா

19 வயதான ரவி மூன்று மாதங்களாக நண்பர்களைத் தவிர்க்கிறார். குளிப்பதில்லை. தன்னை யாரோ கொல்லத் திட்டமிடுவதாகக் கூறுகிறார். முன்னர் அடிக்கடி கஞ்சா பாவித்தவர்.

(i) இவரிடம் காணப்படும் நேர் அறிகுறி ஒன்றையும் மறை அறிகுறிகள் இரண்டையும் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(ii) இந்நிலைக்குப் பங்களித்திருக்கக்கூடிய காரணிகளை மூன்று தலைப்புகளில் விளக்குக. (6 புள்ளிகள்)
(iii) குடும்பத்தினர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை இவ்விரண்டு வீதம் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: (i) நேர்: கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்னும் பிறழ்நம்பிக்கை. மறை: ஒதுங்கியிருத்தல், சுத்தத்தில் அக்கறையின்மை. (ii) உயிரியல்: பரம்பரை, கஞ்சா. உளவியல்: நெருக்கீடு, இழப்பு. சமூகம்: தனிமை, குடும்பச் சூழல். வினாவில் நேரடியாகத் தரப்பட்டது கஞ்சா மட்டுமே என்பதால் ஏனையவற்றை "இருக்கலாம்" என்று எழுதுக. (iii) செய்ய வேண்டியவை: விரைவில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல், மருந்து தொடர உதவுதல். செய்யக் கூடாதவை: கேலி செய்தல், கட்டி வைத்தல் அல்லது மறைத்து வைத்தல்.

(iii) ஆம் பகுதிக்கு நான்கு புள்ளிகள். மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் இந்த விடையை எழுதாமல் விட்டால் அந்த நான்கு புள்ளிகளோடு போய்விடும். வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் இருக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.